இடி விழுந்தவன் இறந்தவனா?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையிலே தேவாரத்தின் பெருமையையும் தொண்டின் சிறப்பையும் கேட்க வந்திருக்கும் உங்கள் முன்னே, இடியையும் மின்னலையும் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இன்னுஞ் சில கிழமைகளில் ஐப்பசி பிறந்துவிடும். காலபோக விதைப்புக்கென்று வீட்டுக்கு இருவர் மூவராக வயலில் நிற்போம். காலையில் சுள்ளென்று வெயில் எறிக்கும். பிற்பகல் இரண்டு மணி கழிந்ததும் வானம் கறுக்கும். “இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்” என்று வானொலியில் நாள்தோறும் சொல்வார்கள். நாள்தோறும் கேட்பதாலேயே நாம் அதனைச் செவியில் வாங்குவதில்லை. பங்குனி, சித்திரையும் ஐப்பசி, கார்த்திகையுமே இலங்கையில் மின்னல் மிகுந்த காலங்கள். இவற்றுள் பின்னையது, வன்னியிலே நாமெல்லாம் வெளியில் நிற்கும் காலத்தோடு ஒன்றாய் வந்து பொருந்திவிடுகிறது. ஆகவே இதனை இப்போது பேசாமல் எப்போது பேசுவது?

பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயற்புறத்திலே நடந்தது. காடு வெட்டிக் களனியாக்கும்போது நிழலுக்கென்று ஒரு பாலை மரத்தை விட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று மழை தூறத் தொடங்கியதும் நம்மிற் சிலர் வாடியை நோக்கி ஓடினோம். இருவர் அந்தப் பாலையின் கீழே ஒதுங்கினர். ஒருவர் மரத்தில் முதுகைச் சாய்த்திருந்தார். மற்றவர் நாலைந்து முழம் தள்ளிக் குந்தியிருந்தார். கண்ணைப் பறிக்கும் ஒளியும் காதைப் பிளக்கும் ஓசையும் ஒன்றாகவே வந்தன. நாம் கண் திறந்து பார்த்தபோது, மரத்தின் பட்டை மேலிருந்து கீழ்வரை கோடு கிழித்ததுபோல உரிந்து கிடந்தது. சாய்ந்திருந்தவர் முகங்குப்புறக் கிடந்தார். தள்ளியிருந்தவர் “கால் எங்கை, கால் எங்கை” என்று கத்திக்கொண்டிருந்தார். கால்கள் இருந்தன, அவற்றை அசைக்க அவரால் முடியவில்லை.

நாம் ஓடிப்போனோம்; ஆனால் கிட்டப் போகவில்லை. “தொடாதையுங்கோ, உடம்பிலை மின்சாரம் நிக்கும்” என்றது ஒரு குரல். “இடி விழுந்தவன் பிழைக்கிறதோ?” என்றது இன்னொரு குரல். கத்திக்கொண்டிருந்தவரைத் தூக்கி வாடிக்குக் கொண்டுபோய்க் காலைத் தேய்த்துவிட்டோம். கத்தாமற் கிடந்தவரைச் சூழ நின்று அழுதோம். உழவு இயந்திரம் வந்து பெட்டியில் ஏற்றும்வரை, அரை மணிக்குக் குறையாத நேரம், ஒருவரும் அவருடைய மார்பில் கை வைக்கவில்லை. ஆசுபத்திரியில் வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல், ஒரேயொரு கேள்வி கேட்டார்: “விழுந்தவுடனை ஆராவது மூச்சுக் குடுத்துப் பாத்தனீங்களோ?” நாம் தலையைக் குனிந்துகொண்டோம்.

கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று அந்த வைத்தியரும் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. அதன் பின்னரே இதனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததையே உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் நம் பேச்சு வழக்கையே எடுத்துக்கொள்வோம். “இடி விழுந்தது” என்கிறோம். இடியென்பது ஓசை, அது எவர் தலையிலும் விழுவதில்லை. விழுவது மின்னல். இடி காதில் விழுந்துவிட்டதென்றால் அந்த மின்னலுக்கு நாம் தப்பிவிட்டோம் என்றே பொருள். இன்னும், ஒருவரைச் சபிக்கும்போது “தலையிலை இடி விழ” என்கிறோம். இந்தச் சாபத்துக்குள் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன. விழுந்தால் ஆள் முடிந்தான் என்பது ஒன்று. பாவம் செய்தவன் மேலேதான் விழும் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. இந்திரனுடைய வச்சிராயுதம் எதனால் ஆனது என்று நம் புராணம் சொல்கிறது? ததீசி முனிவர் உலக நன்மைக்காக மனமுவந்து கொடுத்த முதுகெலும்பினால் ஆனது. அப்படியான ஆயுதத்தைப் பாவிகளின் தலையை மட்டும் தேடித் திரிவதென்று நாம் எண்ணுவது அந்த முனிவருக்கே இழுக்கு. 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நோர்வே நாட்டு மலைவெளியொன்றில் ஒரே மின்னற் புயலில் 323 கலைமான்கள் மாண்டு கிடந்தன. அவை செய்த பாவம் யாது?

மின்னல் எப்படித் தோன்றுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுவோம். உயர்ந்த மழைமுகிலுக்குள்ளே பனித் துணிக்கைகளும் மென்கல்மழை மணிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதலால் மின்னேற்றம் பிரிந்து, பெரும்பாலும் முகிலின் அடிப்பாகத்தில் மறையேற்றம் திரளுகிறது. அது தாங்காத அளவுக்குப் பெருகியதும் கிளைகிளையாக நிலத்தை நோக்கி இறங்கிவருகிறது. அது நெருங்கும்போது நிலத்திலுள்ள மரம், கம்பம், மனிதன் ஆகியவற்றிலிருந்தும் சிறு மின்பொறிகள் மேலெழும். இரண்டும் சந்தித்த கணமே பாதை திறந்துவிடுகிறது. அந்தப் பாதையின் வெப்பம் ஏறத்தாழ 30,000 பாகை சென்ரிகிரேட், அதாவது சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. அதனாற் காற்று வெடித்து விரியும் ஓசையே இடி.

இவ்வளவு வெப்பம் பட்ட மனிதன் சாம்பலாகிவிடாமல் எப்படி உயிரோடிருக்கிறான்? வீட்டுக் கம்பியில் கை வைத்தவனைப் பிடித்து வைத்துக்கொள்வதுபோல மின்னல் பிடித்து வைத்திருப்பதில்லை. ஒரு செக்கனின் மிகச் சிறு பங்கிலே வந்து போய்விடுகிறது. அதன் பெரும் பகுதி நனைந்த தோலின் மேலாகவே வழிந்து நிலத்துக்கு ஓடிவிடும். வியர்வையும் மழைநீரும் ஒரேயடியாக ஆவியாவதால் உடை கிழிந்து பறக்கும், செருப்புக் கழன்று போகும். உள்ளே ஆழ்ந்த தீக்காயம் குறைவு. சிலரின் தோலில் பன்னத்தின் இலைபோலச் சிவந்த கோலமொன்று எழும்பி, ஒரு நாளளவில் மறைந்துவிடுவதும் உண்டு. அதைக் கண்டு தெய்வக் குறியென்று அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியதில்லை.

மின்னல் நேரே உச்சியில் இறங்குவது அரிது. தாக்குண்டவர் நூறு பேரை எடுத்தால் நேரடியாக அடியுண்டவர் மூவர் முதல் ஐவரே என்று ஆராய்ந்தோர் கணிக்கின்றனர். மரத்திலிருந்தோ கம்பத்திலிருந்தோ பக்கத்திலுள்ளவன் மேற் பாய்வது ஒரு வகை; பாலை மரத்தடியில் நடந்தது அதுவே. இரும்பு வேலியையோ குழாயையோ தொட்டுக்கொண்டிருக்கும்போது அதன் வழியாக வருவது இன்னொரு வகை. எல்லாவற்றிலும் கூடியது நிலத்தின் வழியாகப் பரவி வருவது. அடி விழுந்த இடத்திலிருந்து நிலமெங்கும் மின்சாரம் ஓடும். ஒரு கால் நிற்கும் இடத்துக்கும் மறு கால் நிற்கும் இடத்துக்கும் அழுத்தம் வேறுபடுவதால் அது ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். கால்கள் எவ்வளவு அகன்றிருக்கின்றனவோ அவ்வளவுக்கு ஆபத்து. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம். நெஞ்சு அந்த வழியிலேயே இருக்கிறது. பட்டியிலே மாடுகள் கூட்டமாகச் சாக, பக்கத்தில் நின்ற மேய்ப்பன் தப்பிவிடும் புதுமைக்குக் காரணம் இதுவே. நோர்வேயின் கலைமான்களும் இப்படியே மாண்டன.

இனி, பிழைப்பவர் எத்தனை பேர் என்பதற்கு வருவோம். மேரி ஆன் கூப்பர் என்னும் அமெரிக்க வைத்தியர், மருத்துவ ஏடுகளிற் பதிவாகியிருந்த 66 பேரின் வரலாறுகளைத் திரட்டி 1980இல் ஆராய்ந்தார். அவர்களுள் நூற்றுக்கு முப்பது பேர் இறந்திருந்தனர். ஆனால் ஏடுகளில் எழுதப்படுவது கடுமையாகத் தாக்குண்டவரின் வரலாறே. சிறு அடி பட்டு வீட்டுக்கு நடந்து போனவனைப் பற்றி யார் எழுதுவார்? எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பத்துப் பேரில் ஒருவரே இறக்கிறார், ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்பதே பின்னர் அவரும் பிறரும் கண்ட கணக்கு. பத்துக்கு ஒன்பது! “இடி விழுந்தவன் பிழைக்கிறதோ?” என்று வரம்பில் நின்று கேட்டவர்களுக்கு இந்த எண் அன்று தெரிந்திருக்கவில்லை.

இளைஞர்கள் ஒரு வேடிக்கையும் கேட்கட்டும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் செனன்டோவா வனத்திலே றோய் சலிவன் என்றொரு வனக் காவலர் இருந்தார். 1942 முதல் 1977 வரை ஏழு முறை மின்னல் அவரைத் தாக்கியது. ஏழு முறையும் பிழைத்தார். 1983இல் அவர் இறந்தது மின்னலால் அன்று. ஒரு முறை லொறிக்குள் இருந்தபோதே திறந்திருந்த யன்னல் வழியாக அடி வாங்கியிருக்கிறார். யன்னற் கண்ணாடியை உயர்த்திவிட வேண்டும் என்ற பாடமும் அவரிடமிருந்தே நமக்குக் கிடைக்கிறது.

அந்தப் பத்தாவது ஆள் ஏன் இறக்கிறார்? பேச்சிலே மிக முக்கியமான பகுதி இதுவாகையால், பின்வரிசையில் இருப்போரும் தயவுசெய்து செவிகொடுக்க வேண்டும்.

மின்னல் உடலினூடே செல்லும்போது நெஞ்சத்துடிப்பு ஒரே நேரத்தில் நின்றுபோகலாம். மூளையில் மூச்சை நடத்தும் இடமும் திகைத்துப் போகலாம். இருதயத்துக்கு ஓர் இயல்பு உண்டு; அது தானாகவே மறுபடியும் துடிக்கத் தொடங்கிவிடக் கூடியது. ஆனால் மூச்சு அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. இருதயம் துடிக்க, மூச்சு வராமலிருக்க, சில நிமிடங்களில் இரத்தத்திலே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது; அதனால் இருதயம் இரண்டாம் முறை நிற்கிறது. இந்த இரண்டாவது நிறுத்தமே பலரைக் கொன்றுவிடுகிறது. அந்த இடைவேளையில் வேறொருவர் மூச்சுக் கொடுத்தால், உடலுக்குப் பெருங்காயம் இல்லாதபடியால், எழுந்திருக்க வழியுண்டு.

மின்னல் தாக்கியவருடைய உடலில் மின்சாரம் நிற்பதில்லை. தொட்டால் ஒன்றுஞ் செய்யாது. இதனை ஆயிரம் முறை சொன்னாலும் தகும்.

இறந்தவர்போலத் தோன்றுவதைக் கண்டு ஏமாறவும் கூடாது. கைகால் குளிர்ந்து நீலம் பாரித்திருக்கும். கையில் நாடி அகப்படாது. கண்மணி விரிந்து அசையாதிருக்கும். வேறு நோயில் இவை மரணத்தின் அடையாளங்களாகலாம். மின்னலில் அப்படி முடிவுகட்டலாகாது. நரம்பும் நாளமும் திகைத்துச் சுருங்கியதாலேயே இவை வரக்கூடும்.

மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடியை வைத்து, மறு கையை அதன் மேல் வைத்து, முழங்கையை மடக்காமல், ஏறத்தாழ இரண்டங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முப்பது முறை அழுத்தியதும், தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரு முறை மூச்சு ஊதுங்கள். பிறகு மறுபடியும் முப்பது. களைத்தால் ஆள் மாற வேண்டும், நிறுத்தக் கூடாது. ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். வயற்பாதையின் வாயிலில் ஒரு பொடியனை நிறுத்திவையுங்கள். வண்டி வழி தவறித் திரியக் கூடாது.

பலர் ஒரே நேரத்தில் விழுந்தால் யாரை முதலிற் பார்ப்பது? மற்ற விபத்துகளில் முனகுகிறவனையும் கத்துகிறவனையும் கவனிப்போம். மின்னலில் இது தலைகீழ். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. அவன் பெரும்பாலும் பிழைப்பான். அவனுடைய கால் மரத்துப்போனதும் சில மணி நேரத்தில் தானாகவே திரும்பிவிடும். பேசாமற் கிடப்பவனிடமே முதலில் ஓட வேண்டும். நாம் அன்று செய்தது நேர்மாறு. கத்தியவரைத் தூக்கினோம், கத்தாதவரை விட்டுவிட்டோம்.

வருமுன் காப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். இடி முழங்கும்போது அருச்சுனனுடைய பத்துப் பெயர்களைச் சொல்லும்படி பாட்டிமார் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். காண்டவ வனத்திலே இந்திரன் பொழிந்த மழையை அம்புக் கூரையால் தடுத்தவன் அவன். பத்துப் பெயரையும் சொல்லுங்கள், தடையில்லை. பயந்த பிள்ளைக்கு அது தைரியம். ஆனால் வீட்டுக்குள் வந்திருந்து சொல்லுங்கள். கோபுரக் கலசத்து வரகு இடியைத் தாங்கும் என்றும் சொற்பொழிவுகளிற் கேட்டிருப்பீர்கள். உயர்ந்து நிற்கும் செப்புக் கலசம் மின்னலை வாங்கும் என்பது மெய். வாங்கியதை நிலத்துக்குள் இறக்கத் தடித்த செப்புக் கம்பி கலசத்திலிருந்து அடிவரை ஓடி மண்ணில் ஆழப் புதைந்திராவிட்டால், அது சுவரைப் பிளந்துகொண்டு கீழே நிற்பவர்மேற் பாயும். பிராங்கிளின் 18ஆம் நூற்றாண்டிலே கண்ட இடிதாங்கியின் உயிர்நிலை அந்தக் கம்பியும் அந்தப் புதைப்புமே. திருப்பணிச் சபையார் இதனை மனத்திற் கொள்வார்களாக.

ஒளியைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புறப்பட வேண்டிய நேரம் அதுவே. மழை தொடங்கட்டும் என்று பார்த்திருப்பது தவறு. முகில் தலைக்கு மேல் வராமலே மின்னல் தூரப் பாயும். கடைசி இடிக்குப் பின் அரை மணி பொறுத்தே திரும்ப வேண்டும். எங்கே போவது? மின்கம்பியும் நீர்க்குழாயும் உள்ள கல்வீடு நல்லது. மூடிய பஸ், வான், லொறி நல்லது. உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் பாதுகாப்பில்லை. நாலு தடியில் தகரம் போட்ட வாடியும் பாதுகாப்பில்லை என்பதைச் சொல்ல மனம் வருந்துகிறது. ஏனெனில் வன்னியில் நமக்கு வாய்த்தது பெரும்பாலும் அதுவே. உகண்டா நாட்டில் றன்யான்யா என்ற பாடசாலையில் 2011ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரே மின்னலில் 18 மாணவர் இறந்தனர். அவர்கள் வகுப்பறைக்குள்ளேதான் இருந்தார்கள். பின்னர் அங்கே இடிதாங்கி அமைத்தார்கள்.

வெளியிலேயே அகப்பட்டுவிட்டால் தனிமரத்தையும் குளக்கட்டின் உச்சியையும் முள்ளுக்கம்பி வேலியையும் விட்டு விலகுங்கள். உயரமான இடத்தின் கொடுமைக்கு அண்மைக்காலச் சான்று, 2021ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இந்தியாவின் ஜெய்ப்பூரிலே ஆமேர் கோட்டைக் காவற்கோபுரத்தில் நின்ற 11 பேர் மாண்டது. நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் வலை வீசுவோர் முதல் முழக்கத்திலேயே கரையேற வேண்டும். வெறும் நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்கும் பொருள் அவர்களே. நிலத்திற் படுக்காதீர்கள்; கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். பலர் சேர்ந்து நின்றால் ஒருவரையொருவர் விட்டு இருபது முப்பது அடி விலகுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தால் மூச்சுக் கொடுக்க ஆளிராது.

கைத்தொலைபேசி மின்னலை இழுக்கும் என்று சொல்வது வீண் பயம். சுவரில் கம்பி தொடுத்த தொலைபேசியும், குளிக்கும் குழாயுமே அந்நேரம் தொடத் தகாதவை.

அமெரிக்காவில் 1940களில் மின்னலால் ஆண்டுதோறும் முந்நூறு பேரளவில் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது முப்பதுக்கும் குறைவு. மின்னல் குறைந்துவிடவில்லை. வயல்வெளியில் நிற்பவர் தொகை குறைந்தது, வீடுகள் திருந்தின, மக்கள் அறிந்துகொண்டார்கள். முதலிரண்டும் நம் கையில் உடனே இல்லை. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாள்கிறார்கள். பெரும்பாலோர் நம்மைப்போல் உழுது பயிரிடுவோர்.

தப்பிய மற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றிரவே அவருக்குக் கால் திரும்பிவிட்டது. ஒரு காதின் சவ்வு கிழிந்துபோனதால் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் இன்றும் கேட்காது. மாதக்கணக்காக உறக்கமில்லை, தலைவலி, சொன்னதை மறந்துவிடுவார். “பயந்திட்டான்”, “சோம்பல் பிடிச்சிட்டுது” என்று ஊரிலே கதைத்தோம். நூல் கட்டவும் கொண்டுபோனோம். மின்னல் தீண்டியவரிற் பலருக்கு இப்படியான குறைகள் வருவதுண்டென்று பின்னரே படித்தறிந்தோம். அவர் இன்று இந்த மண்டபத்திலே இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

மேடைக்குப் பக்கத்திலே பாயும், உமி நிரப்பித் தைத்த சாக்கும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள், நாடகத்துக்கென்று எண்ணியிருக்கலாம். மார்பை அழுத்திப் பழகுவதற்காக வைத்திருக்கிறோம். தாதியாகப் பணிபுரியும் நம் ஊர்த் தங்கையொருவர் காட்டித்தர இசைந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் முதலில் இளைஞர் நால்வர் வரட்டும். பெரியோரும் வரலாம், குனிய முடியாதவர் பக்கத்தில் இருந்து எண்ணிக் கொடுக்கலாம்.